ஆக்சிஜனா, நைட்ரஸ் ஆக்சைடா? ருத்தேனியம் போர்பிரினுக்கு ஏற்ற வாயு எது

டெட்ராமெசிட்டைல்போர்பிரின் என்ற பெரிய கரிம வளையம் ருத்தேனியம் உலோகத்தைப் பிடித்திருக்கும் அணைவை வினையூக்கியாக வைத்து, ஆல்கீனை (கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) எபாக்சைடாக்கும்போது, அதாவது அந்தப் பிணைப்பின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து மூவணு வளையமாக்கும்போது, ஆக்சிஜன் அணுவை இரண்டு வாயுக்களிலிருந்து பெறலாம். 1985-இல் வேதியியலாளர்கள் குரோவ்ஸும் குவின்னும் காட்டியது ஆக்சிஜன் வழி. 1995-இல் குரோவ்ஸும் ரோமனும் அதே உலோகம் நைட்ரஸ் ஆக்சைடிலிருந்தும் அணுவைப் பறிக்கும் என்று நிறுவினார்கள்.

ஆக்சிஜனுக்கு அறை வெப்பநிலையும் 1 வளிமண்டல அழுத்தமும் போதும், ஒடுக்கி (எலக்ட்ரான் தரும் துணைப்பொருள்) வேண்டாம். இரண்டு ஆக்சிஜன் அணுக்களைத் தாங்கிய டைஆக்சோ ருத்தேனியம் (ஆக்சிஜனேற்ற நிலை +6) ஆல்கீனுக்கு ஓர் அணுவைக் கொடுத்து +4 ஆகிறது. இரண்டு +4 அணைவுகள் +2, +6 எனப் பிரிகின்றன. +2 மீண்டும் ஆக்சிஜன் வாயுவைப் பிடிக்கிறது. வளையத்தைச் சுற்றியுள்ள மெசிட்டைல் தொகுதிகளின் ஆர்த்தோ மெத்தில்கள் (அருகில் இடத்தை அடைத்து நிற்பவை) இல்லாவிட்டால் இரு உலோகங்கள் ஆக்சிஜன் பாலத்தில் இணைந்து செயலிழந்துவிடும். நிறமாலையில் சோரே பட்டை (போர்பிரினின் வலுவான ஒளி உறிஞ்சல்) 422 நானோமீட்டரிலிருந்து 412-க்கு நகர்ந்தால், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய கார்பனைல் அணைவாகி வினையூக்கி ஓய்ந்துவிட்டது என்று பொருள். வளையஹெக்சீன் என்ற ஆல்கீனில் கீட்டோனும் ஆல்கஹாலும் தலைகாட்டினால் தனி உறுப்பு வினை (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துணுக்குகள் நடத்தும் பக்க வினை) கூடவே ஓடுகிறது.

நைட்ரஸ் ஆக்சைடில் நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு வெறும் 167 கிலோஜூல்/மோல். ஆக்சிஜன் மூலக்கூறில் அது 498. ஆனாலும் இந்த வாயு உலோகத்தோடு மிகப் பலவீனமாகவே பிணைகிறது. அதனால்தான் அழுத்தமும் 100 டிகிரிக்கு மேல் சூடும் தேவைப்படுகின்றன. எஃகு அழுத்தக் கலன் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் பொய்யான வெற்றி. 1 மில்லிமோல் ஆல்கீனுக்கு 0.5 மில்லிமோல் ஆக்சிஜன், அதாவது 25 டிகிரியில் சுமார் 12 மில்லிலிட்டர் போதும். காற்றை வெளியேற்றாத 100 மில்லி கலனில் 21 மில்லி ஆக்சிஜன் இருக்கிறது. அந்தக் காற்றே வினையை முடித்துவிடும், நாம் நைட்ரஸ் ஆக்சைடைப் பாராட்டிக்கொண்டிருப்போம்.

ஆகவே கரைசலை உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருகவிடுவதை மூன்று முறை செய்யுங்கள். நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தும் முன்பே இது முடிய வேண்டும். திரவ நைட்ரஜன் குளிரில் வாயு கலனுக்குள் உறைந்து சேர்ந்தால், சூடேறும்போது அழுத்தம் கலனை உடைக்கும். நைட்ரஸ் ஆக்சைடு இல்லாமல் ஆர்கானில் மட்டும் ஓர் ஒப்பு வினையும் வையுங்கள். பிறகு கலனின் மேல்வாயுவை வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறவரைவியில் செலுத்தி நைட்ரஜனை அளவிடுங்கள். 5ஏ மூலக்கூறு சல்லடைப் பத்தி நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கும், ஆனால் நைட்ரஸ் ஆக்சைடை விழுங்கிக்கொள்ளும். அதற்குப் போராபேக் கியூ பத்தி வேண்டும். நிறை நிறமாலையில் நைட்ரஸ் ஆக்சைடின் நிறையான 44-ஐ மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கார்பன் டைஆக்சைடும் அங்கேதான் விழும். நைட்ரஜன் மோல் எபாக்சைடு மோலுக்குச் சமமாக வந்தால்தான் அணு நைட்ரஸ் ஆக்சைடிலிருந்து வந்தது.

சாதாரண ஆல்கீனுக்கு என் தேர்வு ஆக்சிஜன்தான். அது தனி உறுப்பு வினையைக் கிளப்பிப் பொருளைக் கெடுக்கும் இடத்தில் மட்டும் நைட்ரஸ் ஆக்சைடு இத்தனை சிரமத்துக்குத் தகும். உருளையில் அது திரவமாக இருப்பதால் திரவம் தீரும்வரை அழுத்தமானி பெரிதாக இறங்காது. மீதியை எடை போட்டுத்தான் அறிய வேண்டும்.