கங்கைக்குப் பனி, பாலாற்றுக்கு மணல்

இமயத்தின் உயரத்தில் நீராவி நீராகாமலே அறுகோணப் படிகமாக உறைந்து பனியாக விழுகிறது. ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிப் பனியாறாகிறது. கோடையில் அது உருகிக் கங்கைக்கு நீர் தருகிறது. உலக நன்னீரில் ஏறத்தாழ 69 சதவீதம் பனிக்கட்டிதான்.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் நம் பாலாற்றுக்கு மழையை விட்டால் வேறு வரத்தில்லை. 2021 நவம்பரில் வேலூரில் கரைபுரண்டது; பல மாதங்கள் வெறும் மணல். ஆனால் அந்த மணலைக் கையால் தோண்டுங்கள்: முதலில் நிறம் கருக்கும், பிறகு ஈரம், அப்புறம் குழியின் ஓரத்திலிருந்து கசிந்து தெளிந்த நீர் சேரும். சிறுவயதில் கொட்டாங்குச்சியால் மொண்டு குடித்திருக்கிறோம்.

கங்கையின் சேமிப்புதான் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பனி உருகும் வேகத்தை வேலூரிலிருந்து நாம் தடுக்க முடியாது. மணல் லாரியைத் தடுக்கலாம்.