டைகுளோரோஅசிட்டிக் அமிலம்: ஆறு வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

டிஎன்ஏ சங்கிலியை எழுத்து எழுத்தாகக் கோத்துச் செய்யும் இயந்திரமான டிஎன்ஏ சிந்தசைசரை ஓட்டுவதுதான் என் வேலை. அதில் போடும் டைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை லேபில் சுருக்கமாக டிசிஏ என்போம், ஆனால் தமிழில் எழுதினால் இந்த டைகுளோரோ, அதைவிட வலுவான டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் இரண்டுமே டிசிஏ ஆகிவிடும், அதனால் இங்கே டை, டிரை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு எழுத்தை (ஏ, டி, ஜி, சி) சேர்ப்பதற்கு முன்னும் சங்கிலி முனையில் மூடியிருக்கும் டிரைட்டில் தொகுதியை அமிலம் விட்டுக் கழற்ற வேண்டும். கழன்றதும் வேஸ்ட் குழாயில் பளீரென்று ஆரஞ்சு ஓடும், அதைப் பார்த்தாலே பாதி நிம்மதி. முன்பு டிரை 3% போட்டோம். வேகம் அதிகம், ஆனால் நீளமான ஒலிகோவில் (இப்படிச் செய்யும் டிஎன்ஏ துண்டு) ஏ எழுத்தான அடினைன் உதிர்ந்து, கடைசியில் அம்மோனியாவில் ஊறவைக்கும்போது சங்கிலி அந்த இடத்திலேயே அறுந்துவிடும். டை கொஞ்சம் சாது, பிகேஏ (குறையக் குறைய அமிலம் வலு) 1.3 பக்கம், டிரைக்கு 0.7. இருபது எழுத்து பிரைமர் மாதிரி சின்னத் துண்டுக்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான், நூறைத் தொடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சாது என்பதால் நேரம் கேட்கும். டைக்கு மாறியபிறகும் பழைய புரோகிராமிலேயே ஓட்டி, ஓர் எழுத்து குறைந்த துண்டுகளாக வந்து ஒரு வாரம் மண்டை காய்ந்தது. முந்தைய கழுவலில் மிஞ்சும் அசிட்டோநைட்ரைல் அமிலத்தைப் பிடித்துக்கொள்வதும் ஒரு காரணம். இப்போது ஆரஞ்சு முழுக்க வடியும்வரை விடுகிறேன், அவ்வளவுதான். கரைப்பானையும் டொலுவீனுக்கு மாற்றியாயிற்று. முன்பு போட்ட டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், மே மாதத்தில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும்.

பெரிய தலைவலி, அமிலத்தில் அசுத்தமாகக் கலந்துவரும் குளோரல். ஒரு லாட்டில் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறு எடை பார்க்கும் கருவி) பார்த்தால் ஒவ்வொரு ஒலிகோவிலும் எடை 147 கூடுதலாக ஒரு துணை உச்சம். அமிலத்தில் துளி குளோரல் கலந்திருந்தால் வருவது அது. அதிலிருந்து சான்றிதழில் குளோரல் அளவு குறிப்பிடாத பாட்டிலை வாங்குவதில்லை. அப்புறம், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கல்லாக உறைந்துவிடும்.

பக்கத்து செல் கல்ச்சர் (செல் வளர்க்கும்) ஆட்களும் என்னிடம் கேட்டு வருவார்கள். இந்த அமிலம் செல்லுக்குள் பிடிகே என்ற நொதியைத் தடுத்து, சர்க்கரை உடைந்து வரும் பைருவேட்டை ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பக்கம் திருப்பிவிடும் என்பதால் புற்றுநோய் ஆய்வில் இதற்கு மவுசு, அதுவும் 2007இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு வெளியான பிறகு. ஒரு தம்பி அமிலத்தை அப்படியே செல் வளரும் மீடியத்தில் ஊற்றிவிட்டு, "அண்ணா, செல் எல்லாம் செத்துப்போச்சு, மருந்து சூப்பரா வேலை செய்யுது" என்று ஓடிவந்தான். தட்டைப் பார்த்தேன், சிவப்பு மீடியம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. புளிப்பில் செத்திருக்கிறதுடா, மருந்தில் இல்லை! சோடியம் உப்பாக வாங்கு, இல்லையென்றால் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஹெச்சைச் சரிசெய் என்றேன்.

நெட்டில் படித்துவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மெலாஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ளவர்களிடம் செய்த சோதனையையே நரம்பு பாதிப்பால் பாதியில் நிறுத்தினார்கள், முடிவு 2006இல் வெளியானது. என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பு, கையுறைக்கு மேலே தெறித்த ஒரே ஒரு சொட்டு.