பகல் விளக்கை அணைக்க எது நல்ல வழி? லிவர், கட்டிங் பிளேயர், லேப்டாப், போன்

மத்தியான வெயிலில் பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருப்பேன். எதிரே பைக்கில் வருபவர் ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார். லைட் எரிகிறதாம். அவருடைய பைக்கிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் டூவீலர்களில் அதை அணைக்கச் சுவிட்சே கிடையாது. ஆனாலும் காரின் முன்னால் பகலிலும் எரியும் விளக்கை, அதாவது டிஆர்எல்லை, பார்த்துவிட்டால் கை சும்மா இருப்பதில்லை. ஒரு நாளைக்கு நாலு பேர் சொன்னால், எரிகிற விளக்கின் மேல் நமக்கே ஒரு சந்தேகம் வந்துவிடும். அப்படித்தான் எங்கள் வீட்டு ஸ்கோடா ரேபிட்டின் பகல் விளக்கை அணைக்க வழி தேட ஆரம்பித்தேன்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு விஷயம். இந்த விளக்கு வட நாடுகளின் மங்கிய பகலுக்காகப் பிறந்தது. 1977-இல் சுவீடன் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்றது. 1989 டிசம்பருக்குப் பிறகு தயாரான கார்களுக்குக் கனடா கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய கார் மாடல்களுக்குக் கேட்டது. கம்பெனிகள் நாட்டுக்கு ஒரு பெட்டி செய்வதில்லை. விளக்கு, வைப்பர், கண்ணாடி எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பிசிஎம் என்ற பெட்டிக்குள் எல்லா நாட்டு விருப்பங்களும் தூங்கிக்கொண்டிருக்கும். எந்த நாட்டுக்குப் போகிறதோ அதற்கேற்ப சிலதை எழுப்பி, சிலதை மூடி அனுப்புகிறார்கள். நாம் கோடிங் என்று சொல்வது தூங்குகிற ஒன்றை எழுப்புவதோ, விழித்திருக்கிற ஒன்றைத் தூங்கவைப்பதோதான். புதிதாக எதையும் எழுதிச் சேர்ப்பதில்லை.

முதல் வழிக்குக் காசே வேண்டாம், டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் கையேடு போதும். பல கார்களில் திரையிலேயே விளக்கு என்ற பகுதி இருக்கும். அதற்குள் பகல் விளக்கு, வண்டியைப் பூட்டியபின் எத்தனை நொடி வெளிச்சம் நிற்க வேண்டும் என்பது போன்றவை. திரையில் இல்லாத வண்டிகளில் வேறு தந்திரம் ஒளிந்திருக்கும். எதிர்வீட்டு ஸ்கோடா யெட்டியின் கையேட்டில் இருந்ததைச் செய்து பார்த்தோம். இக்னிஷன் ஆஃப். இண்டிகேட்டர் லிவரை ஸ்டீயரிங் பக்கம் இழுத்து, அப்படியே கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தபடியே இக்னிஷனைப் போட்டால் இடது இண்டிகேட்டர் நாலு முறை மின்னும். இக்னிஷனை அணைத்ததும் ஒரு பீப். பகல் விளக்கு ஆஃப். திரும்பக் கொண்டுவர இதையே லிவரை மேலே தள்ளிச் செய்ய வேண்டும். அப்போது வலது பக்கம் மின்னும். எட்டு வருஷமாக வண்டி வைத்திருக்கும் மனிதர், "இது இதுக்குள்ளயேவா இருந்துச்சு?" என்று கேட்டார். உங்கள் வண்டிக் கையேட்டில் இப்படி ஒரு பக்கம் இருந்தால் மற்ற வழிகள் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

இரண்டாவது, கட்டிங் பிளேயர். காந்திபுரத்தில் ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அதுக்கெதுக்குங்க சார் கம்ப்யூட்டரு? ஒத்த ஒயருங்க, அஞ்சு நிமிஷம்" என்றார். இருபது வருஷத்துக்கு முந்தைய வண்டியாக இருந்தால் அவர் சொன்னது சரிதான். இப்போதைய பிசிஎம் சும்மா கரண்ட் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதில்லை. பல்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒயரை வெட்டினால் அதற்குத் தெரிவது பல்பு போய்விட்டது என்பது மட்டும்தான். உடனே மீட்டரில் மஞ்சள் விளக்கு. மஞ்சள் விளக்கை ஏமாற்ற ரெசிஸ்டர் வைப்பார்கள், அது சூடாகும், பக்கத்திலேயே பிளாஸ்டிக். ஃபியூஸைப் பிடுங்கலாமே என்றால், பல வண்டிகளில் டிஆர்எல்லுக்குத் தனி ஃபியூஸ் கிடையாது. பிடுங்கினால் கூடவே இன்னொன்றும் அணையும். அதற்கும் மேலே, வெட்டின ஒயரைப் பார்த்தால் வாரண்டிக்காரர்கள் பேச்சை அதோடு நிறுத்திவிடுவார்கள். கோடிங்கில் தவறு செய்தால் பழைய எண்ணைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். வெட்டின ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டினாலும் அது ஒட்டுப் போட்ட ஒயர்தான்.

சர்வீஸ் சென்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர்களிடம் கம்பெனியின் சொந்தக் கருவி இருக்கிறது, எல்லாம் செய்ய முடியும். ஆனால் வேலைப் பட்டியலில் இல்லாததைச் செய்யப் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாளை ஒன்று ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அங்கே சாஃப்ட்வேர் புதுப்பித்தால் நீங்கள் மாற்றி வைத்தது பழைய நிலைக்குப் போய்விடலாம்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் நடுவில்தான். லேப்டாப்பில் ஓடும் விசிடிஎஸ், போனில் ஓடும் ஓபிடிலெவன்.

விசிடிஎஸ் அமெரிக்காவின் ராஸ்டெக் கம்பெனி செய்வது. விண்டோஸ் லேப்டாப்பும் அவர்களுடைய கேபிளும் வேண்டும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி, சியட் குடும்ப வண்டிகளுக்கு மட்டுமே. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் பதினாறு பின் போர்ட் ஒன்று இருக்கும்; அதில் கேபிளைச் செருகி, இன்ஜினைப் போடாமல் இக்னிஷனை மட்டும் போட வேண்டும். பேட்டரி தெம்பாக இருப்பது முக்கியம். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் தலைவலி. முதல் வேலையாக ஆட்டோ ஸ்கேன் ஓடவிட்டு, வரும் அறிக்கையைச் சேமித்துக்கொள்ளுங்கள். வண்டியில் எந்தெந்தப் பெட்டிகள், எதில் என்ன கோடிங், என்ன கோளாறு என்று மொத்த ஜாதகமும் அதில் வந்துவிடும். அப்புறம் 09 என்ற எண்ணுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸுக்குள் போனால் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளமான வரிசை. அதுதான் லாங் கோடிங். ஹெல்பர் என்ற உதவித் திரையைத் திறந்தால் பைட், பிட் என்று பிரித்து, எது எதற்கு என்ற விளக்கத்தோடு டிக் போடும் கட்டங்களாகக் காட்டும். டிக்கை எடுத்து, டூ இட் என்ற பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். எந்த பைட், எந்த பிட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வேறு ஒருவரின் வண்டி எண்களைப் பார்த்து முழு வரிசையையும் அப்படியே ஒட்டாதீர்கள். அவர் வண்டியில் மழை சென்சார் இருக்கும், உங்களுடையதில் இருக்காது.

ஓபிடிலெவன் லிதுவேனியாவிலிருந்து வருவது. தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி, ப்ளூடூத், போனில் ஆப். முதலில் இதே குடும்ப வண்டிகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு வேறு கம்பெனிகளுக்கும் போனது. இதன் பலம், ஒரே அழுத்தில் முடியும் குட்டி ஆப்கள். பைட்டும் பிட்டும் தெரிய வேண்டாம். "பகல் விளக்கு" என்றிருப்பதைத் தொட்டால் முடிந்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் கிரெடிட் செலவாகும். ஆழமாக இறங்க வேண்டுமென்றால் அதிக வசதியுள்ள சந்தாவை வாங்க வேண்டும். செய்த மாற்றங்களை ஆப்பே வரலாறாக வைத்திருக்கும், பழையதற்குத் திரும்பலாம். குறை என்னவென்றால் நெட் வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் சிக்னல் இல்லாமல் வண்டியை மேலே கொண்டுவந்து வெயிலில் உட்கார்ந்து செய்தேன்.

இரண்டையும் தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில்: வீட்டில் ஒரே கார், மாற்ற வேண்டியது நாலைந்து விஷயம் என்றால் போன் வழி. அந்தக் குடும்ப வண்டி இரண்டு இருக்கிறது, கோளாறையும் நீங்களே பார்க்க ஆசை என்றால் லேப்டாப் வழி. ராஸ்டெக்கின் கேபிள் எத்தனை வண்டிக்கு என்று கணக்கு வைத்து விற்கப்படுவதால், நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பத்து வண்டிக்கானதை வாங்கினால் கட்டுப்படியாகும். என் மனம் லேப்டாப் பக்கம் சாய்கிறது, என்ன செய்தோம் என்று கண்ணால் பார்க்க முடிகிறதே என்பதால். போலி கேபிள்களையும் முந்நூறு ரூபாய் நீலக் கருவிகளையும் இந்தப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். அந்த நீலக் கருவிகளில் இஎல்எம்327 என்று எழுதியிருக்கும். அசல் சிப்பைச் செய்த கனடா கம்பெனி ஆரம்பத்தில் நகல் தடுப்பைப் போடாமல் விட்டதில் உலகம் முழுக்கப் போலிகள் பெருகிவிட்டன. இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று பார்க்க அவை போதும், எழுதும் வேலைக்கு நம்ப முடியாது.

எந்தக் கருவியானாலும் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அந்தப் போர்ட்டில் பதினாறாவது பின்னுக்கு பேட்டரி கரண்ட் எப்போதும் வரும். செருகியபடியே விட்டுவிட்டு நாலு நாள் மதுரைக்குப் போய்வந்தேன். சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

வேறு கம்பெனி வண்டிகளுக்கு: ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்கோட். மறைமலைநகரில் ஃபோர்டின் கார் தயாரிப்பு நின்றபிறகு சித்தப்பாவின் ஈகோஸ்போர்ட்டுக்கு ஃபோர்ஸ்கேன்தான் கைகொடுக்கிறது. அதற்கு, பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் என்ற ஒயர் லைன்கள் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பேசத் தெரிந்த அடாப்டர் வேண்டும். சாதாரணமானதை வாங்கினால் பாதிப் பெட்டிகள் கண்ணில் படாது.

சரி, அணைத்தேனா? அணைத்தேன். பத்து நாள் ஓட்டினேன். பதினோராவது நாள் சாயங்காலம் வாளையார் பக்கம் மழையில் எனக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறக் கார். எதிரே வருபவர்களுக்கு அதன் டிஆர்எல் பளிச்சென்று தெரிந்திருக்கும். எனக்கு அதன் முதுகு மட்டும்தான், அதுவும் இருட்டாக. மீட்டர் பளபளவென்று எரிவதால் ஓட்டுகிறவர் எல்லா விளக்கும் எரிகிறது என்றே நினைத்திருப்பார். பகல் விளக்கு முன்னால் மட்டும் எரியும் பல கார்களில் பிரச்சினையே இதுதான். கனடா 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளில் இதற்கு முடிவு கட்டியது: டிஆர்எல்லோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் மீட்டர் இருட்டாகவே இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியே லேப்டாப்பைத் திறந்தேன். டிஆர்எல்லைத் திரும்பப் போட்டதோடு, ஸ்காண்டிநேவிய முறை என்று எழுதியிருந்த கட்டத்தையும் டிக் செய்தேன். இப்போது முன்னால் எரியும்போதெல்லாம் பின்னாலும் எரிகிறது. லிவர் தந்திரத்தில் இது கிடைக்காது, ஒயர்க்காரரிடமும் கிடைக்காது. கோடிங்குக்குச் செலவழித்தது வீணில்லை என்று எனக்குப் பட்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

கூடவே மற்ற ஆசைகளும். லேன் மாறும்போது லிவரைத் தட்டினால் மூன்று முறை மின்னியதை ஐந்தாக்கினேன். பைபாஸில் லாரியைத் தாண்ட மூன்று போதவில்லை. ரிமோட்டை அழுத்திப் பிடித்தால் நாலு கண்ணாடியும் இறங்கும். வெயிலில் நின்ற வண்டியின் சூட்டை ஏறும் முன்பே வெளியே தள்ள வசதி. மீட்டர் முள் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை கடைசி வரை போய்வருவது வெறும் அழகு, பையன் கேட்டான், போட்டேன். 80-ஐத் தாண்டினால் அடிக்கும் பீப்பை எடுக்கச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். 2019 ஜூலை முதல் அது புதிய கார்களுக்குச் சட்டம். அதில் கைவைக்க மாட்டேன் என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவருக்கு.

புது வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து ஃபோக்ஸ்வாகன் எஸ்எஃப்டி என்ற பூட்டைப் போட்டிருக்கிறது. கம்பெனி சர்வரிலிருந்து அனுமதி வந்தால்தான் பெட்டி திறக்கும். வண்டிகளின் இணையப் பாதுகாப்புக்கு ஐநா விதி வந்தபிறகு மற்றவர்களும் அதே பக்கம் நகர்கிறார்கள். அதனால் வண்டி எடுக்கும்போதே திரையில் என்னென்ன மாற்ற முடிகிறது என்று ஷோரூமிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் ரேபிட்டுக்கு அந்தப் பூட்டு கிடையாது. போன வாரம் உக்கடம் சிக்னலில் நின்றபோது ஒரு பையன் பைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினான். இறக்கினேன்.

"அண்ணா, பின்னாடியும் லைட் எரியுதுங்க."