டவுன்ஹால் ஒசுசல: மாத மருந்து வாங்குகிறவர்களுக்கு

சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிற வீடு என்றால், கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒசுசல என்ற அரச மருந்துக் கடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இரவு பகல் திறந்திருக்கும். டாக்டர் எழுதித் தந்த அம்மாவின் மருந்துத் துண்டோடு போனேன்: சுகருக்கு மெட்ஃபோர்மின், பிரஷருக்கு லொசார்டன், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டட்டின், ஒரு மாதத்துக்கு. வெள்ளவத்தையில் வழக்கமாக வாங்கும் கடையில் (பெயர் வேண்டாம்) கொடுக்கிற காசில் பாதிகூட வரவில்லை. அங்கே கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "இது நல்ல கம்பனி அன்ரி, மற்றது கேட்காது" என்று சொல்லியே விலை கூடினதைத் தலையில் கட்டிவிடுவார். இங்கே கவுண்டரில் நின்ற பிள்ளை கம்பனிப் பேச்சே எடுக்கவில்லை. எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்டு, அட்டையைக் கத்தரிக்கோலால் கணக்காக வெட்டி, சின்ன உறையில் போட்டு, காலை 1 இரவு 1 என்று எழுதித் தந்தார். மெட்ஃபோர்மின் ரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் செய்கிறது. அம்மாவுக்குச் சுகர் வழக்கம்போலத்தான் நிற்கிறது, கூடவும் இல்லை.

இந்த விலை சும்மா வந்ததில்லை. 1970இல் திரும்ப ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே சொன்ன வழியில் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கினார். ஒரே மருந்து பல பெயர்களில் வந்து குவிவதை நிறுத்துவது, பட்டியலைச் சுமார் 600க்குக் குறைப்பது, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டு மொத்தமாக வாங்குவது, இதுதான் திட்டம். ஒசுசல அந்தக் கூட்டுத்தாபனத்தின் சில்லறைக் கடை. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன ஆட்சிக்கு வந்து சந்தையைத் திறந்துவிட, தனியார் இறக்குமதிக்குத் திரும்ப நல்ல காலம். பிபிலேயும் அதே வருடம் கயானாவில் காலமானார். அப்புறம் மருந்துக்கென்று ஒரு ஒழுங்கான அதிகாரசபைச் சட்டம் வர 2015 ஆகிவிட்டது, 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலையும் வந்தது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஆட்சியில் உருப்படியாக நடந்தவற்றில் இது ஒன்று. மற்றதை இங்கே பேச வேண்டாம்.

ஆனால் டொலர் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் அலுமாரியை நிரப்பாது. கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாக வந்த கையோடு 2019இல் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆக்கினார், எல்லோருக்கும் சந்தோஷம். திறைசேரி காய்ந்து டொலர் கையிருப்பும் தீர்ந்து, 2022 மார்ச்சில் மருந்து உச்சவிலையை 29 வீதம் கூட்டினார்கள், கூட்டியும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு, கிளினிக்கில் இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்த காலம் அது.

மலிவு மருந்தை நம்பலாமா என்று கேட்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். தரமற்ற இமியூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) ஊசி விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைதானதைப் பார்த்த சனம் பயப்படத்தான் செய்யும். ஆனால் அங்கே கோளாறு வாங்கிய முறையில், விலை குறைவாக இருந்ததில் இல்லை.

போவதென்றால் துண்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் டாக்டரிடமே மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். பஸ்ஸில் டவுன்ஹாலில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.