லேப்டாப் கழட்ட எந்த ஸ்க்ரூ டிரைவர்: 32 இன் 1 கிட்டா, எஸ்2 பிட் செட்டா, தனித்தனி டிரைவரா?

ரெண்டு வருஷம் முன்னாடி என் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாத்தலாம்னு உக்காந்தேன், அடியில மொத்தம் 10 ஸ்க்ரூ, 9 ஈஸியா வந்துருச்சு, ஹிஞ்ச் பக்கத்துல இருந்த ஒண்ணு மட்டும் தலை தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு. ரப்பர் பேண்ட் வச்சு அழுத்திலாம் பாத்தேன், வரல. கடைசியில கடையில குடுத்து டிரில் போட்டுதான் எடுத்தாங்க. அன்னைக்கு என் கையில இருந்தது 150 ரூபா 32 இன் 1 கிட்.

அந்த கிட்டை நான் மட்டம்னு சொல்லல. ரிமோட், பொம்மை, கால்குலேட்டர்னு வீட்டு வேலைக்கு தாராளமா போதும். விலை கம்மி, எல்லா சைஸும் இருக்கும், அவ்வளவுதான்.

லேப்டாப்ல மேட்டரே வேற, எல்லாம் முனையிலதான் இருக்கு. புது லேப்டாப் ஸ்க்ரூ நிறையதுல மரையில நீலமா ஒரு பூச்சு இருக்கும், தானா லூஸ் ஆகாம இருக்க போடுறது, அதனால முதல் தடவை கழட்டும்போது நல்லா இறுக்கமா இருக்கும். அந்த நேரத்துல முனை மெத்துனு இருந்தா முனையும் மழுங்கும் ஸ்க்ரூ தலையும் போகும், ஒரு தடவை மழுங்கின முனையை அடுத்த ஸ்க்ரூல வச்சா அதையும் சேத்து கெடுத்துரும், என்னுது அப்படித்தான் போச்சு. மலிவு கிட்ல சிஆர்-வின்னு (குரோம் வனேடியம் ஸ்டீல்) பொறிச்சிருந்தாலும் உள்ள என்ன இரும்புன்னு நமக்கு தெரியாது. நல்ல எஸ்2 ஸ்டீல் (டூல் செய்யற கெட்டியான ஸ்டீல்) பிட், அதாவது கைப்பிடியில சொருகி மாத்துற முனை, அந்த இறுக்கத்தை தாங்குது, நான் இப்ப வச்சிருக்கறது 24 பிட் செட், கிட்டத்தட்ட 900 ரூபா ஆச்சு, இதுவரைக்கும் ஏழெட்டு லேப்டாப் கழட்டியிருக்கேன், பிஎச் 0 முனை (பிலிப்ஸ், அதாவது கூட்டல் குறி மாதிரி முனையில ஒரு சைஸ்) இன்னும் ஷார்ப்பாதான் இருக்கு.

ஆனா எஸ்2 இருந்தாலும் சைஸ் தப்புனா போச்சு. அடி மூடி ஸ்க்ரூ பெரும்பாலும் எம்2, எம்2.5 (மரை விட்டம் 2, 2.5 எம்எம்), அதுக்கு பிஎச் 0, சிலதுக்கு பிஎச் 1. அதைவிட சின்ன பிஎச் 00 உள்ள போகும், பொருந்துன மாதிரியே இருக்கும், ஆனா நடுவுல மட்டும்தான் பிடிக்கும், இறுக்கமான ஸ்க்ரூன்னா அப்படியே வழுக்கிட்டு சுத்தும். அதனால பெரிய முனையில ஆரம்பிச்சு சின்னதுக்கு வாங்க, ஆடாம உக்கார்ற முதல் முனைதான் சரியானது. நல்லா கீழ அழுத்திட்டு அப்புறம் திருப்புங்க.

கடையில கேக்கும்போது ஒரு விஷயம், நம்ம ஊர்ல பிலிப்ஸையே ஸ்டார்னுதான் சொல்லுவாங்க, சில பேர் ஆறு முனை டார்க்ஸையும் ஸ்டார்னு சொல்றாங்க. ஸ்டார் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்து வீட்ல பாத்தா டார்க்ஸ் டி5 சைஸ் இருக்கும். ஸ்க்ரூவ போட்டோ எடுத்து காட்டிருங்க. மேக்புக்னா அடியில அஞ்சு இதழ் பென்டலோப், பி5 பிட் தனியா வேணும், செட்ல இருக்கான்னு பாத்து வாங்குங்க. மேக்புக் நான் ஒரே ஒண்ணுதான் திறந்திருக்கேன், அதனால அதுல பெருசா பேச மாட்டேன்.

தனித்தனி பிஎச் 0, பிஎச் 1 டிரைவர் ரெண்டும் பிடிக்க ரொம்ப நல்லா இருக்கு, பிட் ஆடுற பிரச்சனையே இல்ல, ஆழமான குழிக்குள்ளயும் போகும், பிட் ஹோல்டர் தடிமனா இருந்தா அங்க இடிக்கும். தினமும் சர்வீஸ் பண்றவங்களுக்கு அதுதான் சரின்னு தோணுது. எனக்கு மாசத்துக்கு ஒரு தடவை வேலை, முனை போனா முழு டிரைவரையும் மாத்தணும், செட்ல 4 எம்எம் பிட் ஒண்ணு மட்டும் வாங்கி சொருகிட்டா முடிஞ்சுது.

எலக்ட்ரிக் பேனா டிரைவர் ஃப்ரெண்டோடத ரெண்டு தடவை யூஸ் பண்ணேன். கழட்டுறதுக்கு ஜாலி, நேரம் மிச்சம். திரும்ப முடுக்குறப்ப மட்டும் பயமா இருக்கு, பிளாஸ்டிக் பாடியில பித்தளை மரை பிச்சிக்கிட்டு வந்துருச்சுன்னா அந்த மூலை நிக்கவே நிக்காது, அதனால கடைசி சுத்து கையாலதான் முடுக்கினேன்.

இப்போதைக்கு என் பையில எஸ்2 செட்டும், எக்ஸ்ட்ராவா ரெண்டு பிஎச் 0 பிட்டும் இருக்கு.