கட்டு நோட்டா, தபால் உறையா, கூகுள் டிரைவா?

புதுசாக ஒரு கருவியை யோசித்தவுடன், இன்ன தேதியிலேயே இது என் யோசனை என்று பின்னால் நிரூபிக்கப் பலர் செய்வது, வரைபடத்தை உறையில் போட்டுத் தனக்கே தபாலில் அனுப்பிக்கொள்வது. முத்திரையில் தேதி விழுந்துவிட்டதே என்பார்கள். ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு அப்புறம் காகிதத்தை உள்ளே செருகினால் யாருக்குத் தெரியும்? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இதை விட்டுவிடலாம்.

நோட்டு அப்படியில்லை. தைத்துக் கட்டிய, பக்க எண் போட்ட நோட்டு. ஸ்பைரல் வேண்டாம், தாளைக் கிழித்தால் தெரியாது. பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் வொயிட்னர் பூசாமல் ஒரே கோடாக அடித்துவிட்டு, மிச்ச வெற்றிடத்திலும் குறுக்கே கோடு போட்டுத் தேதியோடு கையெழுத்து. கண்டுபிடிப்பில் பங்கில்லாத, ஆனால் விஷயம் புரிகிற, வெளியே சொல்லாத ஒருவர் 'படித்தேன், புரிந்தது' என்று கீழே கையெழுத்திட்டால் இன்னும் பலம். பேரிங், மோட்டார் வாங்கிய பில்லை அப்படியே ஒட்டாதீர்கள், நகல் எடுத்து ஒட்டுங்கள். என்னிடம் இருந்த தெர்மல் பேப்பர் பில்கள் ஒரே கோடையில் வெளுத்து வெறும் தாளாகிவிட்டன.

கூகுள் டிரைவ் சௌகரியம், முந்தைய பதிப்புகளும் ஓரளவு கிடைக்கும். ஆனால் நீதிமன்றத்தில் கொடுப்பதென்றால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஹேஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும், கைரேகை மாதிரியான எண்) சான்றிதழ் வேண்டும். எனக்கு இது நோட்டுக்குத் துணை, அவ்வளவுதான்.

சரி, நோட்டு மட்டும் போதுமா? லேசர் என்ற பெயரையே தன் நோட்டில் எழுதிவைத்த கார்டன் கூல்டைப் பாருங்கள். 1957 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு மிட்டாய்க்கடைக்காரரிடம் (அவர் நோட்டரியும்கூட) அந்தப் பக்கங்களில் முத்திரை வாங்கினார். இயங்கும் மாதிரி இருந்தால்தான் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தப்பாக நினைத்து 1959 ஏப்ரல் வரை காத்திருந்தார். அதே யோசனையில் இருந்த இயற்பியலாளர்கள் டவுன்ஸும் ஷாலோவும் 1958 ஜூலையிலேயே விண்ணப்பித்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்றிருந்த அன்றைய அமெரிக்காவிலேயே, முக்கியமான காப்புரிமை அவர் கைக்கு வர 1977 ஆகிவிட்டது.

இந்தியாவில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை. அமெரிக்காவும் 2013 மார்ச்சில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அதனால் என் ஓட்டு, முழு விவரம் தயாராகும் முன்பே தேதியைப் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பத்துக்கு. தனிநபர் ஆன்லைனில் போட்டால் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய், முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் அவகாசம். நம் பகுதிக்குச் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். நோட்டு ஒழுங்காக இருந்தால் விண்ணப்பத்தின் பாதி அதிலிருந்தே வந்துவிடும். நம் யோசனையை ஒருவர் திருடி விண்ணப்பித்தால் ஆட்சேபம் எழுப்பவும் அதே நோட்டுதான் கைகொடுக்கும்.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நோட்டெல்லாம் பக்காவாக எழுதினார், சாட்சிக் கையெழுத்து உட்பட. விண்ணப்பிக்கும் முன்பே கருவி ஓடுவதை, உள்ளே கியர் தெரிய, யூடியூபில் போட்டுவிட்டார். விண்ணப்பிக்கும் முன் வெளியே வந்துவிட்டால் அது புதுசு இல்லை என்று காப்புரிமை மறுக்கப்படலாம். நாமே வெளியிட்டதற்கு நம் சட்டத்தில் இருக்கும் விலக்குகள் மிகக் குறைவு, யூடியூப் அதில் வராது. "அதான் நோட்டுல தேதி இருக்கே?" என்று இன்னமும் கேட்கிறார்.