மணிக்கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா?

மணிக்கணக்கில் சம்பளம் கொடுப்பதா, முடித்த வேலைக்கு ஏற்பக் கொடுப்பதா? அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் நிறுவனம் 1994-95-இல் முதல் முறையை விட்டு இரண்டாவதுக்கு மாறியது. பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் அந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். ஒரு தொழிலாளியின் உற்பத்தி சராசரியாக 44 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதிதான் அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதியில் பெரும்பங்கு, வேகமான ஆட்கள் தேடி வந்ததாலும் விலகாமல் தங்கியதாலும். இதைத்தான் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சரி, எல்லா இடத்துக்கும் இது பொருந்துமா? கண்ணாடியை எண்ணலாம். ஆசிரியருக்குத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துக் கூலி கொடுத்தால், அளக்க முடியாத மற்றதெல்லாம் பின்னுக்குப் போகும் என்று 1991-இலேயே பொருளாதார அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ராம், மில்க்ராம் இருவரும் வாதிட்டார்கள். அங்கே என் ஓட்டு நிலையான சம்பளத்துக்குத்தான்.